உதிராத முடி எங்கே போகிறது? பூடுல் வளர்க்க நினைப்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ நாய்க்குட்டி விற்பவரிடம் பூடுல் பற்றிக் கேட்டால் முதலில் வரும் பதில், "முடியே கொட்டாது" என்பதுதான். அடுத்து, "ஆஸ்துமா இருக்கிறவங்க வீட்லயும் தைரியமா வளர்க்கலாம்." அப்புறம், "குட்டி சைஸ்லயே நிக்கும், வீட்டுக்குள்ளயே வச்சுக்கலாம், ஒரு தொல்லையும் இல்ல." மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு. அந்தக் கொஞ்சத்தை மட்டும் நம்பி வாங்கிய வீடுகளில்தான் சில மாதம் கழித்து நாய் உடம்பெல்லாம் சடை பிடித்து, காது நாறி, ஓயாமல் சொறிந்துகொண்டு கிடக்கிறது.

பூடுல் அருமையான நாய். அதன் முடி எப்படி வளர்கிறது என்பது புரியாமல் வாங்குவதால்தான் நாயும் பாடுபடுகிறது, வாங்கியவரும் பாடுபடுகிறார். முடி புரிந்துவிட்டால் அதன் வரலாறு, அந்த விசித்திரமான முடிவெட்டு, நம் குமரி மாவட்டத்து ஈரத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதெல்லாம் வரிசையாகப் பிடிபடும். அதனால் முடியிலிருந்தே தொடங்கலாம்.

ரப்பர் மரமும் தென்னை மரமும்

நம் பக்கத்து ரப்பர் தோட்டங்களை டிசம்பர் கடைசி, ஜனவரி வாக்கில் பார்த்திருப்பீர்கள். தோட்டம் முழுக்க ஒரேயடியாக இலை கொட்டி, தரை தெரியாமல் கிடக்கும். பிறகு எல்லா மரமும் ஒன்றாகத் துளிர்க்கும். தென்னை அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு மட்டையும் தன்பாட்டுக்கு விரிந்து, ஓரிரு வருடத்துக்கு மேல் பச்சையாக நின்று, தன் முறை வரும்போது காயும். எந்த நாளில் அண்ணாந்து பார்த்தாலும் பெரும்பாலான ஓலை பச்சையாகவே இருக்கும். காய்ந்த ஒன்றிரண்டும் சில நேரம் கீழே விழாமல் மண்டையிலேயே சிக்கி நிற்கும். தேங்காய் போட ஏறுகிறவர்தான் அதை இழுத்துத் தள்ளவேண்டும்.

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ஸ்பிட்ஸ் போன்றவற்றின் முடி ரப்பர் இலையைப் போல. பூடுலின் முடி தென்னை ஓலையைப் போல.

இனி உள்ளே நடப்பதைப் பார்ப்போம். ஒவ்வொரு முடியும் தோலுக்குள் இருக்கும் ஒரு சின்னக் குழியிலிருந்து முளைக்கிறது. அதற்கு மயிர்க்கால் என்று பெயர். மயிர்க்கால் சுறுசுறுப்பாக முடியை நீட்டிக்கொண்டே இருக்கும் காலம் வளர்நிலை. வேலையை நிறுத்திவிட்டு, வளர்ந்த முடியைச் சும்மா பிடித்துக்கொண்டிருக்கும் காலம் ஓய்வுநிலை. ஓய்வு முடிந்ததும் கீழிருந்து புது முடி கிளம்பும், பழையது விழும். எல்லா நாய்க்கும், நமக்கும் இந்தச் சுற்று பொது. எந்த நிலையில் எவ்வளவு காலம் நிற்கிறது என்பதில்தான் வேறுபாடு.

லாப்ரடாரின் முடி கொஞ்ச நாள் வளர்ந்து, குறிப்பிட்ட நீளம் வந்ததும் நின்றுவிடும். பிறகு நெடுநாள் ஓய்வு, அப்புறம் உதிர்வு. அதனால்தான் லாப்ரடாரை முடிவெட்டக் கூட்டிப் போகவேண்டியதில்லை. பூடுலின் பெரும்பாலான முடிகள் எப்போதும் வளர்நிலையில் இருக்கின்றன. நம் தலைமுடியும் இப்படித்தான். எந்த நேரத்திலும் அதில் 85 முதல் 90 சதவீதம் வளர்ந்துகொண்டிருக்கும். வெட்டாமல் விட்டால் நீண்டுகொண்டே போகும். பூடுலுக்கும் அதே கதை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. லாப்ரடாருக்கும் ஸ்பிட்ஸுக்கும் இரண்டு அடுக்கு முடி: மேலே சற்று முரட்டு முடி, அதற்கடியில் பஞ்சு போன்ற அடிரோமம். சோபாவிலும் சட்டையிலும் ஒட்டுவதில் பெரும்பங்கு இந்த அடிரோமம். பூடுலுக்கு அடிரோமம் இல்லை, ஒரே அடுக்குதான்.

இங்கே நம் மாவட்டத்துக்கென்று ஒரு விஷயம் சொல்லவேண்டும். நாய்களின் பருவகால முடி உதிர்வைத் தூண்டுவதில் பகல் வெளிச்சத்தின் நீளம் முக்கியமானது. குளிர்நாடுகளில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் பகல் பல மணி நேரம் கூடிக் குறைவதால் வசந்தத்தில் ஒரு கொட்டு, இலையுதிர் காலத்தில் ஒரு கொட்டு என்று முடிந்துவிடும். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு 8 டிகிரி வடக்கே. இங்கே வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். அதனால் நம்மூர் லாப்ரடார் பருவம் பாராமல் வருடம் முழுக்க முடி கொட்டும். அதோடு ஒப்பிடும்போது பூடுல் வீட்டுத் தரை பளிச்சென்று இருப்பது உண்மைதான். "முடியே கொட்டாது" என்ற பேச்சு இங்கே இவ்வளவு எடுபடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதுவரை பார்த்தது: பூடுலின் முடி நெடுங்காலம் வளர்கிறது, மெதுவாக, ஒவ்வொன்றாக உதிர்கிறது. உதிரவே உதிராது என்பது தவறு.

உதிர்ந்தது போகும் இடம்

அப்படியானால் உதிர்ந்த முடி ஏன் தரையில் காணோம்? சுருளில் சிக்கிவிடுகிறது.

பூடுலின் முடி ஸ்பிரிங் போலச் சுருண்டது. விளவங்கோடு, கல்குளம் பக்கம் வயதானவர்கள் முதல் தடவை பார்க்கும்போது, "இது பட்டியா (நாயா), ஆட்டுக்குட்டியா மோனே?" என்று கேட்பது இந்தச் சுருளைப் பார்த்துத்தான். நாய்களின் முடி வகைகள் பற்றி 2009இல் வெளிவந்த ஒரு மரபணு ஆராய்ச்சி, நீளம், சுருள், மீசை-புருவ அடர்த்தி ஆகியவற்றின் பெரும்பகுதியை மூன்றே மரபணுக்களால் விளக்கிவிடலாம் என்று காட்டியது. மரபணு என்பது உடல் எப்படி உருவாகவேண்டும் என்று தாய் தந்தையிடமிருந்து குட்டிக்கு வரும் குறிப்பு. பூடுலில் அந்த மூன்று குறிப்புகளும் சேர்ந்திருக்கின்றன. அதனால்தான் நீளம், சுருள், முகமெல்லாம் முடி.

உதிர்ந்த முடி கீழே விழாமல் பக்கத்து முடிகளில் சுற்றிக்கொள்கிறது. அதில் இன்னொன்று சேர்கிறது. நாய் படுக்கும்போதும் சொறியும்போதும் அந்த இடம் தேய்ந்து இறுகுகிறது. சில நாளில் தோலை ஒட்டி ஒரு கம்பளித் துண்டு போல ஆகிவிடும். இதைத்தான் சடை என்கிறோம். காதுக்குப் பின்னால், அக்குளில், கழுத்துப்பட்டைக்கு அடியில், தொடையிடுக்கில், விரல்களுக்கு நடுவில் முதலில் பிடிக்கும்.

பார்வைக்கு அழுக்காக இருப்பதோடு சடையின் பிரச்சினை முடிந்துவிடுவதில்லை. நாய் நடக்கும்போதெல்லாம் அது தோலைப் பிடித்து இழுக்கும், வலிக்கும். அதற்கு அடியில் காற்றுப் போகாது. நனைந்தால் இன்னும் இறுகும், உள்ளே காயவே காயாது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூன் தொடங்கி டிசம்பர் வரை விட்டுவிட்டு ஈரம்தான். கொடியில் போட்ட துணியே காயாத காலத்தில் சடைக்கு அடியில் இருக்கும் தோல் எங்கே காயும்? பூஞ்சையும் பாக்டீரியாவும் அங்கே குடியேறும். தோல் சிவந்து, கசிந்து, புளித்த வாடை வரும். மேலே பஞ்சு மாதிரி அழகாக இருக்கும் நாயின் அடித்தோல் புண்ணாகக் கிடப்பது கையை விட்டுத் தடவிப் பார்க்கும்வரை தெரியாது.

அமெரிக்காவின் அலாஸ்காவில் நடந்த ஒரு சம்பவம் இந்த முடியின் குணத்தை நன்றாகக் காட்டும். அங்கே 'இடிட்டராட்' என்று ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் பனிச்சறுக்கு வண்டிப் பந்தயம் உண்டு. நாய்கள் வண்டியை இழுக்கும். ஜான் சூட்டர் என்பவர் 1988 முதல் 1991 வரை பெரிய பூடுல்களையும் பூட்டி அதில் ஓடினார். பலத்துக்கும் மனஉறுதிக்கும் குறைவில்லை. ஆனால் அந்தச் சுருள்முடியில் பனி கட்டிகட்டியாக ஒட்டி உறைந்தது. பிறகு வடபுலத்து இனங்களை மட்டுமே ஓட்டலாம் என்று விதியை மாற்றிவிட்டார்கள். அங்கே பனியைப் பிடித்து வைத்துக்கொண்ட அதே சுருள், இங்கே ஈரத்தையும் மண்ணையும் உண்ணியையும் பிடித்து வைத்துக்கொள்கிறது.

ஆக, மற்ற நாய்கள் உதிர்த்துத் தள்ளிவிடும் முடியைப் பூடுல் வளர்ப்பவர் தன் கையால் சீவி எடுக்கவேண்டும். தரையைப் பெருக்கும் வேலை மிச்சமாகிறது. அந்த நேரம் சீப்புக்குப் போகிறது.

அலர்ஜி பற்றிய பேச்சு

இதில் நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன், ஏனென்றால் இது மனிதர்களின் மூச்சு சம்பந்தப்பட்டது.

அலர்ஜி என்பது நம் உடலின் காவல் அமைப்பு, தீங்கில்லாத ஒரு பொருளையும் எதிரியாக நினைத்துப் போராடுவது. தும்மல், கண் அரிப்பு, இளைப்பு எல்லாம் அந்தப் போராட்டத்தின் விளைவுகள். நாயால் அலர்ஜி வருபவர்களுக்கு முடி எதிரி இல்லை. நாயின் எச்சிலிலும், தோலிலிருந்து உதிரும் நுண்ணிய செதில்களிலும், சிறுநீரிலும் இருக்கும் சில புரதங்கள்தான் எதிரி. எச்சில் இல்லாத நாய் கிடையாது, செதில் உதிராத தோலும் கிடையாது.

2012இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள், அலர்ஜி வராத இனங்கள் என்று சொல்லப்படும் நாய்களின் ரோமத்தில் அந்தப் புரதத்தை அளந்து பார்த்தார்கள். மற்ற நாய்களைவிட அவற்றில் அதிகமாகவே இருந்தது. அவை வாழும் வீடுகளின் காற்றிலும் குறைவு எதுவும் தென்படவில்லை. முதல் முடிவுக்குக் காரணத்தை ஊகிப்பது கடினமில்லை: உதிராமல் தங்கும் முடியில் எச்சிலும் செதிலும் தங்கும்.

லாப்ரடூடுல் என்ற கலப்பினத்தின் கதையும் இதற்கு நல்ல சாட்சி. 1980களின் கடைசியில் ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்களைப் பழக்கும் நிறுவனத்தில் இருந்த வாலி கான்ரனிடம் ஒரு கோரிக்கை வந்தது. ஹவாயில் பார்வையற்ற பெண் ஒருவர், அவர் கணவருக்கு நாய் அலர்ஜி. கான்ரன் பூடுல்களைப் பழக்கிப் பார்த்தார், வழிகாட்டும் வேலைக்கு அவை ஒத்துவரவில்லை. பிறகு லாப்ரடாரையும் பூடுலையும் சேர்த்தார். மூன்று குட்டிகள் பிறந்தன. மூன்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிச் சோதித்ததில், ஒரே ஒரு குட்டிதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த மூன்றிலேயே இப்படியென்றால் 'இந்த இனம் அலர்ஜி தராது' என்று யார் உறுதி சொல்ல முடியும்?

வீட்டில் யாருக்காவது இளைப்பு இருந்தால், வாங்குமுன் பூடுல் இருக்கும் வீட்டுக்கு அவரைக் கூட்டிப் போய், ஒன்றுக்கு மேற்பட்ட முறை, சில மணி நேரம் இருக்கச் சொல்லிப் பாருங்கள். மருத்துவரிடமும் கேளுங்கள். சிலருக்கு நிஜமாகவே ஒன்றும் செய்வதில்லை. அது அந்த மனிதரையும் அந்த நாயையும் பொறுத்தது.

சுருக்கமாக: அலர்ஜி எச்சிலிலும் செதிலிலும் இருக்கிறது. முடி கொட்டாததால் அது போய்விடாது.

தண்ணீரில் வேலை பார்த்த நாய்

அலங்கார பொம்மை மாதிரி வெட்டப்பட்ட பூடுலைப் படங்களில் பார்த்துவிட்டு, இது பணக்காரர் மடியில் உட்கார உருவாக்கிய இனம் என்று பலர் நினைக்கிறார்கள். பூடுல் வேட்டை நாய். சுடப்பட்ட வாத்தை ஏரிக்குள்ளும் சதுப்புக்குள்ளும் நீந்திப் போய், கவ்வி எடுத்து வருவது அதன் வேலை. வேர்கள் ஜெர்மனிப் பக்கம் என்று பலரும் சொல்வார்கள்; இன்றைய வடிவம் பிரான்சில் உருவானது, உலக நாய்க் கழகங்களின் கூட்டமைப்பும் பிரான்சையே அதன் நாடாகக் குறித்திருக்கிறது.

அந்த வெட்டுக்கும் வேலைக்கும் தொடர்பு உண்டு. அடர்ந்த முடியோடு நீந்தினால் பாரம் இழுக்கும், செடிகொடியில் மாட்டும். அதனால் பின்பக்கத்தையும் கால்களையும் மழித்தார்கள். குளிர்நீரில் நெஞ்சும் மூட்டுகளும் விறைக்காமல் இருக்க அங்கே மட்டும் முடியை விட்டார்கள். நெஞ்சில் பெரிய பந்து, கணுக்காலில் சின்னப் பந்து என்று இன்று கண்காட்சிகளில் காண்பது அந்தத் தேவையிலிருந்து வந்த வடிவம்தான் என்று வழிவழியாக விளக்குவார்கள். காலப்போக்கில் அது அலங்காரமாக வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸில், சேன் ஆற்றுப் பாலங்களின் பக்கம் பூடுலுக்கு முடி வெட்டுவதையே தொழிலாகச் செய்தவர்கள் இருந்தார்கள்.

போர்க்களத்தையும் பூடுல் பார்த்திருக்கிறது. இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் இளவரசர் ரூபர்ட் 'பாய்' என்ற வெள்ளைப் பூடுலைக் கூடவே வைத்திருந்தார். அதற்கு மந்திர சக்தி இருப்பதாகத் துண்டுப் பிரசுரங்கள் வரும் அளவுக்குப் பேர் பெற்றது. 1644இல் மார்ஸ்டன் மூர் சண்டையில் அது செத்துப்போனது. பின்னாளில் சர்க்கஸ்களில் வித்தை காட்டியது. அமெரிக்காவில் 1960 முதல் 1982 வரை பதிவு எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்ததும் பூடுல்தான்.

அளவு: எது உண்மை, எது விற்பனைப் பேச்சு

சர்வதேசக் கூட்டமைப்பின் கணக்கில் பூடுல் நான்கு அளவு. தோள் உயரத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். ஸ்டாண்டர்ட் 45 செ.மீ.க்கு மேல் 60 வரை, மீடியம் 35க்கு மேல் 45 வரை, மினியேச்சர் 28க்கு மேல் 35 வரை, டாய் 24 முதல் 28 வரை. அமெரிக்காவில் மீடியம் கிடையாது, மூன்றுதான். குணமும் முடியும் எல்லா அளவிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

'டீகப் பூடுல்' என்று சொல்லி அதிக விலை கேட்பார்கள். அப்படி ஒரு வகையை எந்தப் பெரிய நாய்க் கழகமும் ஏற்கவில்லை. மிகச் சின்னதாக வரவேண்டும் என்பதற்காக நோஞ்சான் குட்டிகளையே இணைசேர்ப்பதும், வயது குறைந்த குட்டியைக் காட்டி விற்பதும் நடக்கிறது. அத்தனை சின்ன உடம்பில் எலும்பு எளிதில் முறியும். ஒரு வேளை உணவு தவறினாலே இரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கிவிடலாம். தயவுசெய்து அதைக் கேட்டு வாங்காதீர்கள்.

நிறத்திலும் ஒரு விஷயம். வெள்ளி நிறப் பூடுல்கள் பிறக்கும்போது கறுப்பாகவே இருக்கும், வளர வளரத்தான் வெளுக்கும். ஆப்ரிகாட் என்கிற இளஞ்செம்மை பெரும்பாலும் மங்கும். குட்டியின் நிறத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்குமுன் தாயைப் பாருங்கள்.

எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது என்பது 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதி. இந்தியக் கென்னல் கழகத்தின் சான்றிதழ் இருந்தால் பெற்றோர் யார் என்று தெரியும். குட்டி ஆரோக்கியமானது என்று அது சொல்லாது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

புத்தி இருப்பதால் வரும் பொறுப்பு

கனடா நாட்டு உளவியல் பேராசிரியர் ஸ்டான்லி கோரன் 1994இல் நாய்ப் பயிற்சிப் போட்டி நடுவர்களின் மதிப்பீட்டை வைத்து இனங்களை வரிசைப்படுத்தினார். பார்டர் கோலி முதலிடம், பூடுல் இரண்டாமிடம். புதுக் கட்டளையை ஐந்து முறைக்குள் பிடித்துக்கொள்ளும் கூட்டத்தில் அது வருகிறது.

இதைக் கேட்டு வாங்குபவர்கள் மறுபக்கத்தை யோசிப்பதில்லை. சீக்கிரம் கற்கும் நாய், வேண்டாததையும் சீக்கிரம் கற்கும். குரைத்தால் பிஸ்கட் வரும் என்பதை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடும். வேலைக்காக உருவான மூளைக்கு வேலை இல்லாவிட்டால் செருப்பைக் கடிப்பது, காலை ஓயாமல் நக்குவது, வாசலில் நிழல் தெரிந்தாலே கத்துவது என்று திரும்பும். வீட்டில் எல்லாரும் காலையில் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்டு இருட்டியபிறகுதான் வருவார்கள் என்றால் பூடுல் உங்களுக்கான நாய் இல்லை. மனிதரை ஒட்டியே இருக்க விரும்பும் இனம் இது. தனிமை அதற்குப் பெரிய தண்டனை.

இதற்காகப் பெரிய தோட்டம் வேண்டாம். தினமும் நடை, கொஞ்சம் ஒளித்துவைத்துத் தேடும் விளையாட்டு, சில நிமிடப் பயிற்சி போதும். நீந்த விட்டால் மகிழ்ந்துபோகும். ஆனால் முட்டம், சொத்தவிளைப் பக்கம் அலை மூர்க்கமானது. டாய் அளவு நாயைக் கடலில் இறக்காதீர்கள். கடற்கரைக்குப் போனால் நல்ல தண்ணீரில் உப்பும் மணலும் போகக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் விடவேண்டும்.

நம்மூர்ப் பராமரிப்பு

சீவுவதுதான் முதல் பாடம். மேலாக பிரஷ்ஷை ஓட்டினால் வெளிமுடி மட்டும் பஞ்சாகி நிற்கும், சடை அடியில் வளரும். முடியை ஒரு கையால் மேலே தூக்கிப் பிடித்து, தோலில் ஒரு வகிடு தெரியும்படி செய்து, அந்த வரியை அடியிலிருந்து நுனிவரை சீவி, பிறகு அடுத்த வரிக்கு இறங்கவேண்டும். நெருக்கமான வளைந்த கம்பிகள் வைத்த ஸ்லிக்கர் பிரஷ் ஒன்று, உலோகச் சீப்பு ஒன்று போதும். பிரஷ் போட்டபின் சீப்பு தோல்வரை தடையில்லாமல் இறங்கினால் வேலை முடிந்தது. முடி நீளமாக வைத்திருந்தால் தினமும், குட்டையாக வெட்டியிருந்தால் வாரத்தில் இரண்டு மூன்று முறை. குட்டிப்பருவ மென்முடி மாறிப் பெரிய முடி வரும் காலம் ஒன்று உண்டு, ஒரு வயதை ஒட்டி வரும். அப்போது இரண்டு வகையும் கலந்து நேற்றுச் சீவிய இடத்தில் இன்று சடை நிற்கும். பலர் கைவிடுவது அந்த மாதங்களில்தான். அந்தக் காலத்துக்கு மட்டும் நன்றாகக் குட்டையாக வெட்டிவிடுங்கள், வெட்கமே வேண்டாம்.

குளிப்பாட்டுமுன் சீவவேண்டும், பிறகு அல்ல. சடையோடு நனைத்தால் அது கயிறாகிவிடும். குளித்தபின் துண்டால் அழுத்தி ஒற்றி, தோல்வரை காயவைப்பது மழைமாதங்களில் கட்டாயம். தலைமுடி உலர்த்தும் டிரையரை மிதமான சூட்டில், சீவிக்கொண்டே காட்டலாம். வெயிலில் கட்டிப்போட்டால் மேல்முடி காயும், அடி ஈரமாகவே இருக்கும்.

நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை வெட்டு. கண்காட்சி வெட்டு நமக்கு வேண்டாம். உடம்பெங்கும் ஒரே சீராக ஒரு செ.மீ. அளவில் வெட்டி, முகம், பாதம், வாலடி, வயிறு மட்டும் இன்னும் குட்டையாக எடுத்தால் மழைக்கும் வெக்கைக்கும் சுகம். தோல் தெரியும்படி மொட்டையடிப்பது வேண்டாம்; வெளிர் நிற நாய்களின் தோல் வெயிலில் கன்றிப்போகும். நாகர்கோவில் பக்கம் இருப்பவர்களுக்கு முடிவெட்ட ஆள் கிடைப்பது எளிது. பேச்சிப்பாறை, அருமனைப் பக்கம் மலையோரத்தில் இருப்பவர்கள் ஒரு கிளிப்பர் வாங்கி வீட்டிலேயே பழகிக்கொள்வது நல்லது. மேற்கே செம்மண் பூமியில் வெள்ளைப் பூடுல் மழைக்காலம் முழுக்கச் செந்நிறமாகத்தான் திரியும் என்பதையும் வாங்குமுன்பே யோசித்துக்கொள்ளலாம்.

காது தனிக் கவனம் கேட்கும். தொங்கும் காது, அதற்குள்ளும் முடி, வெளியே ஈரக்காற்று. வாரம் ஒருமுறை தூக்கி முகர்ந்து பாருங்கள். புளித்த வாடையோ பழுப்பு மெழுகோ தெரிந்தால் மருத்துவரிடம் போங்கள். உள்முடியைப் பிடுங்கவேண்டுமா என்பதை அவரே பார்த்துச் சொல்லட்டும். எல்லா நாய்க்கும் தேவையில்லை.

வெக்கை பற்றி. நாய் நம்மைப்போல உடம்பெங்கும் வியர்க்காது. வாயைத் திறந்து இளைத்து, நாக்கின் ஈரத்தை ஆவியாக்கித்தான் குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் அந்த ஆவியாதல் மந்தமாகிவிடும். அதனால் ஏப்ரல், மே மாதங்களில் வெப்பமானி மதுரையைவிடக் குறைவாகக் காட்டினாலும் நம்மூர்ப் புழுக்கத்தில் நாய்க்குச் சூடு தாக்கலாம். நடை விடிகாலையிலும் பொழுது சாய்ந்தபிறகும் இருக்கட்டும். இளைப்பு அடங்காமல் தள்ளாடினால் உடம்பில் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, விசிறிவிட்டு, உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

உண்ணி இந்த முடிக்குள் கண்ணுக்குத் தெரியாது. விரல்நுனியால்தான் தேடவேண்டும்: காது மடல், விரலிடுக்கு, கழுத்து. உண்ணி வழியாக எர்லிச்சியா, பபேசியா என்ற இரத்தத்தைக் கெடுக்கும் காய்ச்சல்கள் வரும். சோர்வு, உணவில் வெறுப்பு, வெளிறிய ஈறு தெரிந்தால் காத்திருக்கக்கூடாது. மழையில் தேங்கும் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்து எலிக்காய்ச்சல் பரவும். நாயிடமிருந்து மனிதருக்கும் வரும். அதற்கான தடுப்பூசியையும், வெறிநோய்த் தடுப்பூசியையும் வருடந்தோறும் தவறவிடாதீர்கள்.

சாப்பாட்டில் நம் வீட்டுப் பழக்கங்கள் இரண்டைச் சொல்லியே ஆகவேண்டும். மீன்குழம்புச் சோறு வைக்காதீர்கள். அதில் போகும் வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், மீன்முள் தொண்டையில் ஏறும். முள்ளெடுத்து, உப்பும் காரமும் இல்லாமல் அவித்த சாளை நல்லது. பச்சை மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) அதன் தோலும் நஞ்சு. நாய்க்கு எட்டும் இடத்தில் போடவேண்டாம். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை கூடவே கூடாது. டாய் அளவுக் குட்டிகளுக்கு ஒரு நாளைக்கு நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். சின்னப் பூடுல்களுக்குப் பல் சீக்கிரம் கெடும், பல்துலக்கிப் பழக்குங்கள்.

இந்தப் பகுதியில் எதையும் நினைவில் வைக்க முடியாதவர் மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளட்டும்: தோல்வரை சீவு, தோல்வரை காயவை, காதை முகர்ந்து பார்.

அளவுக்கேற்ற நோய்கள்

நன்றாகப் பார்த்துக்கொண்டால் பூடுல் நீண்டநாள் வாழும். சின்ன அளவுகள் பதினைந்து வயதைத் தொடுவது அரிதல்ல, பெரியது பன்னிரண்டை ஒட்டி. சின்னவற்றுக்கு முழங்கால் சில்லு நழுவுவது, மூச்சுக்குழாய் தளர்ந்து வாத்துக் கத்துவது போல இருமுவது, விழித்திரை மெல்ல அழிந்து பார்வை போவது ஆகியவை வரலாம். கழுத்துப்பட்டைக்குப் பதிலாக நெஞ்சுப்பட்டை போட்டால் மூச்சுக்குழாய்க்கு நல்லது. பார்வை நோயில் பூடுல்களில் அதிகம் காணும் வகைக்கு மரபணுச் சோதனை இருக்கிறது. குட்டி விற்பவரிடம் பெற்றோருக்குச் செய்தாரா என்று கேளுங்கள்.

பெரிய பூடுலின் வயிறு திடீரென உப்பி, வாந்தி வருவதுபோல் குமட்டியும் ஒன்றும் வராமல் தவித்தால் இரைப்பை முறுக்கியிருக்கலாம். அது மணிக்கணக்கில் உயிரெடுக்கும் அவசரம், இரவானாலும் கிளம்பவேண்டும். சிறுநீரகத்தை ஒட்டியிருக்கும் அட்ரீனல் சுரப்பி குன்றும் அடிசன் நோயும் பெரிய அளவில் அதிகம். அடிக்கடி சோர்வு, வாந்தி, வயிற்றுப்போக்கு, இரண்டு நாளில் தேறி மறுபடியும் அதே என்று போக்குக் காட்டும். சாதாரண வயிற்றுக் கோளாறு என்று பலமுறை விட்டுவிடுவார்கள். இரத்தப் பரிசோதனை கேட்டுப் பாருங்கள்.

முடிக்கே உரிய நோய் ஒன்றும் உண்டு. தோலில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகளை உடலே தாக்கி அழித்துவிடும். பெரிய பூடுல்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. முதலில் பொடுகு போல வெள்ளைச் செதில் முடியோடு ஒட்டி வரும், சுருள் தளர்ந்து நேராகும், பிறகு திட்டுத்திட்டாக முடி கழன்று தோல் தெரியும். பூடுலின் முடி கைப்பிடியாக வந்தால் அதைப் பருவ உதிர்வு என்று நினைக்க வழியில்லை. தைராய்டு குறைவு, பூஞ்சை, சொறிப்பூச்சி என்று வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. தோலைச் சுரண்டி எடுத்தும், தேவைப்பட்டால் சின்னத் துணுக்கு வெட்டி அனுப்பியும்தான் உறுதிப்படுத்துவார்கள். நாய்க்கு இந்தச் சுரப்பி நோய்தான் என்று தெரிந்தால் குட்டி போட விடாதீர்கள், வாங்கிய இடத்துக்கும் தகவல் சொல்லுங்கள். அதே தாயிடம் அடுத்த ஈற்றுக்கு யாராவது முன்பணம் கொடுத்துக் காத்திருப்பார்கள்.